பழக்கிய ஆட்கள் போய்க்கொண்டே இருந்தால் ஒரு சங்கத்தை எப்படி நடத்துவது?

கேள்வி கேட்ட தம்பி கிளிநொச்சிப் பக்கம் ஒரு கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு முகாமையாளராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய பிரச்சினை சுருக்கமாக இதுதான்: பால் பரிசோதிக்கப் புது மெசின் வந்துவிட்டது, பில் கணினியில் போடவேண்டும் என்றாகிவிட்டது, தீவன விலையும் டீசல் விலையும் நினைத்தபடி மாறுகின்றன, பழைய ஊழியர்கள் எதையும் மாற்ற விடுகிறார்கள் இல்லை, கஷ்டப்பட்டுப் பழக்கிய பெடியள் ஆறு மாதத்தில் கனடாவுக்கோ கட்டாருக்கோ கொழும்புக்கோ போய்விடுகிறார்கள். "இந்த நிலையில் ஆட்களை வளர்ப்பது வீண் வேலை இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

வீண் இல்லை தம்பி. எதை நினைத்துப் பழக்குகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். ஒரு கெட்டிக்காரப் பெடியனைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அவனுக்கே சொல்லிக்கொடுத்து, இனி இவன் பார்த்துக்கொள்வான் என்று மூச்சு விடுகிறீர்கள். அவன் போனதும் எல்லாம் அவனோடு போகிறது. ஆள் போவது நிச்சயம் என்று வைத்துக்கொண்டு பழக்கத் தொடங்கினால் முழு வேலையும் வேறு மாதிரி ஆகிவிடும்: யாரைப் பிடித்து வைப்பது என்பதை விட்டுவிட்டு, யார் வராத நாளில் எது நின்றுபோகும் என்று பார்க்கத் தொடங்குவீர்கள். தலைமைத்துவம் தலைமைத்துவம் என்கிறார்களே, இந்தக் காலத்தில் அதில் முக்கால்வாசி இதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என்பது என் எண்ணம்.

வேகமான மாற்றம் என்று பாடப்புத்தகத்தில் எழுதுவது எங்கள் ஆட்களுக்குப் புதினம் இல்லை. 2006 ஓகஸ்டில் தெற்கோடு எங்களை இணைக்கிற ஏ9 வீதி பூட்டுப்பட்டது, 2009 இல் எல்லாரும் வெறுங்கையோடு முகாமில், பிறகு மீள்குடியேற்றம், 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில், 2021 இல் உரத்தடை, 2022 இல் டீசல் வரிசை. மீளக் குடியமர்ந்த காலத்தில் சங்கங்களைத் திருப்பித் தொடங்கியபோது நான் ஒன்றைக் கவனித்தேன். அங்கத்தவர் யார், யாருடைய பங்குப் பணம் எவ்வளவு, எந்தக் காணி சங்கத்துக்குச் சொந்தம் என்பதெல்லாம் ஒரு செயலாளரின் தலையிலும் அவர் வீட்டு அலுமாரியிலும் மட்டும் இருந்த இடங்களில், அந்த மனிதர் இல்லாமல் போனதும் சங்கமும் இல்லாமல் போனது. நாலைந்து பேருக்கு விஷயம் தெரிந்திருந்த இடங்களில், பதிவேடு ஒன்றும் மிஞ்சாவிட்டாலும், மரத்தடியில் கூடியிருந்து ஆளுக்கு ஆள் ஞாபகப்படுத்தி ஒரு கொப்பியில் எழுதி எடுத்துவிட்டார்கள். இடப்பெயர்வு செய்த வேலையை இன்றைக்கு விசா செய்கிறது. உங்களுக்கு இந்தமுறை கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே முதல் வேலை, ஒரு பெரிய தாளை எடுத்து இடப்பக்கம் வேலைகளை எழுதுங்கள்: பால் பரிசோதனை, குளிரூட்டி பார்ப்பது, ஜெனரேற்றர், பில், வங்கி, பண்ணையாளர் கொடுப்பனவு, தீவனக் கொள்வனவு. மேலே ஆட்களின் பெயர். யாருக்கு எது தனியாகச் செய்ய முடியும், யாருக்குக் கூட நின்றால் முடியும் என்று குறியுங்கள். ஒரே ஒரு ஆளின் கீழ் மட்டும் குறி விழுந்திருக்கிற வேலைகள்தான் உங்கள் தலையிடி. அநேகமாக அந்த ஆள் நீங்களாகவே இருப்பீர்கள், அதையும் மறைக்காமல் குறியுங்கள்.

இந்த அட்டவணை என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் எல்லாம் படைக்குப் போய்விட, முன்பின் தொழிற்சாலையைக் கண்டிராத ஆட்களை, அதில் ஏராளமான பெண்களை, அவசரமாகப் பழக்கவேண்டி வந்தது. அதற்காக அரசாங்கம் 1940 இல் தொடங்கிய திட்டத்தில், மேற்பார்வையாளர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் முறையையே சொல்லிக்கொடுத்தார்கள், இந்த அட்டவணையும் அதில் ஒன்று. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் பழக்கும் முறைக்கும் அடித்தளமாக இருந்தது. நாலு படிதான்: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகு தனியாக விட்டுவிட்டு இடைக்கிடை வந்து பார். பழகுகிறவர் பழகவில்லை என்றால் பழக்கியவர் பழக்கவில்லை என்பதுதான் அங்கே சட்டம். எங்களிடம் இரண்டாவது படியோடு கதை முடிந்துவிடும். "காட்டித்தானே விட்டனான், இன்னும் விளங்கேல்லையா?" என்று கேட்பது நாலில் இரண்டு படியை விழுங்கிவிட்டுக் கேட்கிற கேள்வி.

உங்கள் புது மெசினையே எடுப்போம். காலையில் பண்ணையாளர் சைக்கிள் ஹாண்டிலில் கானைக் கொழுவிக்கொண்டு வருகிறார். பரிசோதிக்கிறவர் முதலில் கானைக் கலக்கவேண்டும், ஏனென்றால் கொழுப்பு மேலே ஏறி நிற்கும், கலக்காமல் மேலாக அள்ளினால் கொழுப்புக் கூடக் காட்டும். மாதிரியை மெதுவாக, நுரை இல்லாமல் எடுக்கவேண்டும், ஒலியலையில் வேலை செய்கிற இந்த மெசின்களுக்குக் காற்றுக்குமிழி ஆகாது, அளவு பிழைக்கும். பசுப்பாலா எருமைப்பாலா என்று தெரிவுசெய்ய மறந்தாலும் பிழைக்கும். வேலை முடிந்ததும் கழுவாமல் விட்டால் உள்ளே பால் படிந்து, எல்லாருடைய பாலுக்கும் அளவு பிழைக்கத் தொடங்கும். ஒவ்வொரு செய்கைக்கும் பக்கத்தில் அதன் காரணத்தையும் சொன்னீர்களா என்பதுதான் முக்கியம். காரணம் தெரிந்தவன் மெசின் மாறினாலும் சமாளிப்பான். எந்தப் பொத்தானை அமத்துவது என்று மட்டும் தெரிந்தவனுக்கு அடுத்த மெசின் வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். அவன் கையால் செய்யும்போது வாயாலும் "இதை ஏன் செய்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். தடுமாறுகிற இடத்தில் உங்கள் பாடத்தில் ஓட்டை இருக்கிறது.

இனி அந்தப் பழைய ஆள். அவரை "மாற்றத்தை எதிர்க்கிறவர்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பாலின் அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டரும் சோதனைக்குழாயும் வைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் அந்த மேசையில் நின்றவர். பாலும் மதுசாரமும் சம அளவு கலந்து குலுக்கி, திரி விழுந்தால் பால் சூட்டைத் தாங்காது என்று திருப்பி அனுப்பவேண்டும். பழகின பெடியன் திரியைக் கண்டதும் "சரிவராது, கொண்டு போங்கோ" என்பான். இவர் கானைத் திறந்து மணந்துவிட்டு, "மாடு கன்று போட்டு எத்தனை நாள்?" என்று கேட்பார். கடும்புப் பால் என்றாலும் திரி விழும், மடிவீக்கம் இருந்தாலும் விழும், நேற்றுப் பின்னேரப் பாலைக் கலந்தாலும் விழும். மூன்றுக்கும் பண்ணையாளருக்குச் சொல்லவேண்டிய பதில் வேறு. முதலாவதுக்குக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லவேண்டும், இரண்டாவதுக்கு மிருக வைத்தியரிடம் அனுப்பவேண்டும், மூன்றாவதுக்கு ஏசவேண்டும். மெசின் கொழுப்பைச் சொல்லும், தண்ணீர் கலந்ததைச் சொல்லும். அந்தக் கேள்வியைக் கேட்காது.

இந்த மனிதரை நீங்கள் மூன்று நாள் கணினிப் பயிற்சிக்கு அனுப்பி, தன் பேரனின் வயதுப் பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் திட்டு வாங்க வைத்தால், அவர் எதிர்க்காமல் என்ன செய்வார்? அவருக்குப் பயம் மெசினில் இல்லை, பண்ணையாளர் முன்னிலையில் தன் சொல்லுக்கு இருந்த மதிப்பில். அவரை மாணவனாக உட்காரவைக்க முன்பு ஆசிரியராக ஆக்குங்கள். ஒவ்வொரு புதுப் பிள்ளையும் முதல் மாதம் அவரோடு மேசையில் நிற்கட்டும், திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு கானுக்கும் காரணத்தை அவர் வாயால் சொல்லி, பிள்ளை எழுதட்டும். அதே பிள்ளை ஆள் இல்லாத நேரம் பார்த்து அவருக்கு மெசினைக் காட்டிக்கொடுக்கட்டும். அப்புறம் ஒன்று சொல்லுங்கள் அவரிடம்: துண்டில் அச்சாகி வருகிற அளவோடு ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள், இவ்வளவு காலமும் "நீ என்ரை பாலுக்குக் குறைச்சுப் போட்டாய்" என்ற பேச்சை வாங்கியவர் அவர்தான். இந்த ஆதாயம் அவருக்கு விளங்கினால் மெசினுக்கு உறை போட்டு மூடி வைக்கிற முதல் ஆள் அவராகவே இருப்பார்.

வேலையைப் பழக்குவது ஒரு பாதி. முடிவெடுக்கப் பழக்குவது மற்றப் பாதி, அதில்தான் எங்கள் சங்கங்கள் படுமோசம். தலைவர் வந்தால்தான் கதவு திறக்கும், முகாமையாளர் கையொப்பம் இட்டால்தான் ஒரு பல்ப் வாங்கலாம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, ஞாபகம் இருக்கும். பாலை 4 பாகையளவில் குளிராக வைத்திருக்கவேண்டும், எங்கள் வெயிலுக்குக் கறந்த பால் சில மணித்தியாலத்தில் புளிக்கத் தொடங்கும், ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, கரண்ட் போனால் போன் கோபுரமும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். எனக்குத் தெரிந்த இரண்டு சேகரிப்பு நிலையங்களில் ஒரே கிழமை ஒரே பிரச்சினை. ஒன்றில் பொறுப்பாக இருந்தவர்கள் முகாமையாளருக்கு அடித்துக்கொண்டே இருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை, விடிய டாங்கைத் திறந்து வாய்க்காலில் விட்டார்கள். மற்றதில் இருந்த தங்கச்சிக்கு அவருடைய முகாமையாளர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: குளிர் இன்ன பாகையைத் தாண்டினால் என்னைக் கேட்கவேண்டாம், இன்ன தொகை வரைக்கும் செலவழிக்கலாம், பால் கொட்டுப்படக்கூடாது, அவ்வளவுதான். அவர் பின்னேரப் பாலைக் கொண்டுவரவேண்டாம் என்று சைக்கிளில் ஆள் விட்டார், இருந்ததைக் காய்ச்சி ஊரில் அகப்பட்ட முட்டி சட்டி எல்லாவற்றிலும் உறை ஊற்றினார், மிச்சத்துக்கு ஆடை எடுத்து நெய் உருக்கினார். கொஞ்சம் நட்டம்தான். ஆனால் பண்ணையாளருக்குக் காசு கொடுபட்டது. இரண்டு இடத்திலும் ஆட்கள் ஒரே அளவு கெட்டிக்காரர்கள். ஒரு இடத்தில் அனுமதி முதல்நாளே கையில் இருந்தது.

அனுமதி கொடுப்பதென்றால் "நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்று கையை விரிப்பதில்லை. அது பொறுப்பைத் தள்ளிவிடுகிற வேலை. எதை எனக்குச் சொல்லாமலே முடிவெடுக்கலாம், எதை முடிவெடுத்துவிட்டுச் சொல்லவேண்டும், எதைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று ஆளின் பெயர் போட்டு, தொகை போட்டு எழுதிக் கொடுங்கள். சின்னத் தொகையில் தொடங்கி, மாதம் போகப் போக எல்லையைத் தள்ளுங்கள். எல்லைக்குள் எடுத்த முடிவு பிழைத்தால் அதன் செலவு சங்கத்துடையது. அந்தச் செலவுக்கு அவர் சம்பளத்தில் கை வைத்தீர்கள் என்றால், அதோடு எல்லாரும் உங்கள் போனுக்குத் திரும்ப அடிக்கத் தொடங்குவார்கள்.

பிழை என்று வந்ததால் இதையும் சொல்கிறேன். எமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் 1990களில் ஆஸ்பத்திரி விடுதிகளில் மருந்து கொடுக்கும்போது நடக்கிற தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் கூடப் பதிவாகியிருந்தது. கூடத் தவறு செய்ததால் இல்லை, மறைக்காமல் சொல்லக்கூடிய சூழல் அங்கே இருந்ததால். உங்கள் சங்கத்தில் போன மாதம் ஒருவரும் ஒரு பிழையும் சொல்லவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஏதும் பிழைத்தால் அன்றைக்கே பத்து நிமிடம் நின்றபடி கதையுங்கள்: என்ன நடக்கவேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்தமுறை என்ன. ஆர் செய்தது என்ற கேள்வி அந்தப் பத்து நிமிடத்துக்குள் வரவே கூடாது.

பயிலரங்குகளைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் காரமானது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் நடந்த திறன் விருத்திப் பயிற்சிகளுக்குக் கணக்கில்லை. பனர், பெரிய தாள், கலர்ப் பேனை, மத்தியானம் சோற்றுப் பார்சல், கடைசியில் சான்றிதழோடு குழுப்படம். பிறகு நிறுவனம் போய்விடும், ஒருவரும் திரும்பி வந்து என்ன செய்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள். ஆளை வெளியில் அனுப்புவதென்றால், வந்த கிழமையே அவர் அதை மற்ற இரண்டு பேருக்குச் செய்து காட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்புங்கள், அதற்கு நேரமும் ஒதுக்குங்கள். நேரம் ஒதுக்க முடியாதென்றால் அனுப்பாதீர்கள்.

யாரை அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். எங்கள் பழக்கம், பயிற்சிக் கடிதம் வந்ததும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற பெடியனின் பெயரை எழுதுவது. அவன்தான் முதலில் போகிறவன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்கள் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் கணக்கு எழுதிக் கடன் கொடுத்து வாங்கிப் பழகினவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிற வரைக்கும் ஊரை விட்டு அசையப்போவதும் இல்லை. அவர்களைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்பீர்கள். கொழும்பில் ஐந்து நாள் தங்கிப் படிக்கச் சொன்னால் எப்படி வருவது? காலை ஒன்பது மணியிலிருந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரைக்கும் என்று உங்கள் நிலையத்திலேயே வைத்துப் பாருங்கள்.

சான்றிதழ் எடுத்துக் கொடுத்தால் இன்னும் கெதியாகப் போய்விடுவார்கள் என்று பயந்து கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு வைக்கிற முகாமையாளர்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள். தேசிய தொழில் தகைமையில் முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற வழி இருக்கிறது, சாதாரண தரம் சித்தியடையாத ஆளுக்கும் கைத்தொழில் தெரிந்தால் அந்த வழியில் ஏறலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 2016 இலிருந்து இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் அங்கேதான். கொழும்புக்குப் பார்க்க முன்பு அங்கே போய்க் கதையுங்கள். போகிறவன் எப்படியும் போவான். போக முன்பு ஒரு மாதம் இன்னொருவரைப் பழக்கிவிட்டுப் போகிறானா, ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் மறைகிறானா என்பது அவனை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்பதில் இருக்கிறது. "நான் போகப்போறன்" என்று உங்களிடம் முதலில் வந்து சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். சொன்ன அன்றைக்கே முகத்தைத் திருப்பினால் அடுத்தவன் சொல்லமாட்டான்.

மாற்றத்தை எப்படி அறிவிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். எப்படி அறிவிக்கக்கூடாது என்பதற்கு 2021 உரத்தடை போதும். மேயில் இரசாயன உர இறக்குமதி நின்றது, நவம்பரில் கொள்கையைத் திருப்பிக்கொண்டார்கள், இடையில் காலபோகம் தொடங்கிவிட்டது, விளைச்சல் விழுந்தது. எனக்கு அதில் பெரிய பாவமாகப் பட்டவர்கள் விவசாயப் போதனாசிரியர்கள். அவர்களுக்கே ஒருவரும் வடிவாகச் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவர்கள் போய்க் கமக்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. உங்கள் ஊழியர் தனக்கே விளங்காத புது விலைச் சூத்திரத்தைப் பண்ணையாளர் முன்னால் நின்று சொல்லும்படி விடாதீர்கள். ஒரு தடவை தடுமாறினால் பிறகு அவர் சரியாகச் சொல்வதையும் கேட்கமாட்டார்கள்.

நல்ல முன்மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு முன்பு நடக்கிற கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, முழுக் கொள்ளளவு 36 அடி, இந்தத் தண்ணீருக்கு இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் எல்லாருக்கும் முன்னால் சொல்லும். பிறகு கமக்காரர் அமைப்புகள் சத்தம் போடும், பங்கு பிரிப்பதில் இழுபறிப்படும், கடைசியில் ஒரு முடிவு வரும். அந்த முடிவு பலருக்குப் பிடிப்பதில்லை, ஆனால் தண்ணீர் எவ்வளவு என்று ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. உங்கள் சங்கத்தில் அந்த அடிக்கணக்கு ஊழியர்களுக்குத் தெரியுமா? லீற்றருக்கு என்ன கொடுக்கிறோம், என்ன விலைக்கு விற்கிறோம், டீசலுக்கு எவ்வளவு போகிறது, மாத முடிவில் என்ன மிஞ்சுகிறது என்று மாதம் ஒருமுறை பலகையில் எழுதிவிடுங்கள். கணினிப் பில் ஏன் வேண்டும் என்று தனியாகப் பிரசங்கம் வைக்கத் தேவைப்படாது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய கேள்விக்குச் சின்னப் பதில்தான். பெடியள் ஏற்கனவே போனில் வைத்துப் பாவிக்கிறார்கள். சிங்களத்தில் வருகிற சுற்றறிக்கையின் சாரத்தை விளங்கிக்கொள்ளவும், கடித வரைவுக்கும் உதவும். தொகையும் திகதியும் உள்ள எதையும் மூலத்தோடு ஒத்துப் பார்க்காமல் அனுப்பக்கூடாது என்று ஒரு விதி போடுங்கள், போதும்.

கடைசியாக, இதெல்லாம் உங்களோடு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் போகிற ஆள்தான், இன்னும் நல்ல வேலை ஒன்று வந்தால். பணிப்பாளர் சபையிடம் இரண்டு தீர்மானம் கேளுங்கள். ஒன்று, நிலையப் பொறுப்பாளர்கள் தனியாகச் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகையும், அவசரத்தில் அவர்கள் எடுக்கக்கூடிய முடிவுகளும். மற்றது, உங்களுக்குப் பதில் கடமை பார்க்கிற ஆளின் பெயர், வங்கிக் கையொப்பத்தோடு. சபையில் இழுப்பார்கள், கூட்டுறவுத் திணைக்களம் என்ன சொல்லுமோ என்பார்கள், கணக்காய்வில் கேட்பார்களே என்பார்கள். கணக்காய்வில் கேட்டால் காட்டுவதற்குத்தான் கூட்டறிக்கையில் எழுதச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன்பு இதைச் செய்து முடியுங்கள், பிறகு சபை மாறினால் திரும்ப முதலிலிருந்து கதைக்கவேண்டி வரும்.